அத்தையின் முழங்கை

அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்பு. ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் புறவழிச்சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. விளக்குக் கம்பங்கள் மட்டும் வரிசையாக வந்து, வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சாலையில் ஒரு ரொட்டி வேன்… ஓட்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள். கரண்ட் வரும்வரை ஏதாவது சொல் என்று என்னைப் பிடுங்கியது நீங்கள்தான். அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண்ணைக் குத்துகிறது. புல்டோசர், நீ முக்கியமாகக் கேள். நேற்று நீ விட்ட குறட்டையில் நம் ரூமில் பாதிப் பேர் பால்கனியில் போய்ப் படுத்தோம். உனக்காகத்தான் இந்தக் கதையே.

முன்பு என்னோடு வேலை பார்த்தவன் ஒருவன். ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், அதனால் ஒட்டடை என்றே கூப்பிடுவோம். அவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது இது. ஒட்டடைக்குப் பொய் சொல்லத் தெரியாது. லீவு கேட்பதற்குக்கூட அவனுக்கு ஒரு காய்ச்சலைக் கண்டுபிடிக்க வராது. அதனால்தான் நான் நம்புகிறேன். நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மாமா ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டியைத் தட்டுத் தட்டாக ஏற்றிக்கொண்டு கிளம்புவார். கடைகள் திறப்பதற்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் வீட்டுக்கு வருவார். வேன் முழுக்கச் சூடான ரொட்டி வாசனை. புதிதாக ஏறுகிறவனுக்கு அந்த வாசனையில் பசி எடுக்கும். மாமாவுக்கோ அந்தக் கதகதப்பில் கண் சொக்கும்.

அன்றும் சொக்கியது. கண் மூடியது அவருக்கே தெரியவில்லை. அப்போது… விலாவில் ஓர் இடி. நறுக்கென்று ஒரு முழங்கை இடி. பக்கத்து இருக்கை இருக்கும் பக்கத்திலிருந்து.

மாமா திடுக்கிட்டு விழித்தார். ஒரு பக்கச் சக்கரங்கள் ஏற்கெனவே சாலையை விட்டு இறங்கி, சரளைக்கல்லில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தன. எதிரே பாலத்தின் கைப்பிடிச்சுவர். பிரேக்கை மிதித்தார். பின்னால் தட்டுகள் சடசடவென்று சரிந்தன. வேன் சுவரை உரசிக்கொண்டு போய் நின்றது.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. டிங்… டிங்… டிங்…

என்ன சத்தம் தெரியுமா? பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துமே, அது. மாமா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். இருக்கையில் ஒன்றும் இல்லை. ஃப்ளாஸ்க் பைகூடக் கீழேதான் கிடந்தது. டிங்… டிங்… கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு, உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்விட்டதுபோல, நின்றுவிட்டது.

பயந்தாரா என்றால், இல்லை. அழுதார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அந்த இடி யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

அத்தை இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. சின்ன வீடு, இரண்டே பேர். மாமாவின் குறட்டை குடும்பத்திலேயே பிரசித்தம். கல்யாணங்களுக்குப் போனால் அவருக்கு மட்டும் தனி அறை கொடுத்துவிடுவார்கள், மரியாதைக்காக இல்லை.

ஆனால் அத்தைக்குக் குறட்டை ஒரு பிரச்சினையே இல்லை. அது நிற்பதுதான் பிரச்சினை. கர்… கர்… என்று ஏறிக்கொண்டே போகும். சட்டென்று நின்றுவிடும். நெஞ்சு மட்டும் மேலே எழும்பித் தவிக்கும், தொண்டைக்குள் காற்று போகாது. தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் உயிர் போய் உயிர் வரும். அத்தை இருட்டில் விழித்துக்கொண்டு அடுத்த மூச்சுக்குக் காத்திருப்பார். வராவிட்டால் முழங்கையால் விலாவில் ஒன்று வைப்பார். மாமா ‘ஹக்’ என்று காற்றை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார். அப்புறம் மறுபடியும் கர்… இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது.

காலையில் மாமா சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டிச் சண்டைக்கு வருவாராம். அத்தை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

“உயிரோட எந்திரிச்சு வந்து சண்டை போடறீங்கல்ல, அதுக்கு வலிக்கட்டும்.”

ஒரு ராத்திரி அத்தையின் மூச்சு நின்றுபோனது. தூக்கத்திலேயே. பக்கத்தில் மாமா குறட்டை விட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அலாரம் அடித்ததும் எழுந்தார். விளக்கைப் போட்டால் அத்தையின் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே சட்டையை மாட்டிக்கொண்டார். டீ போட்டுத் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அத்தைக்கு ஒரு தம்ளரில் ஊற்றி, தட்டால் மூடிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனார். வெயில் ஏறி வந்து பார்த்தபோது தம்ளர் மூடினது மூடினபடியே இருந்தது.

எத்தனையோ ராத்திரி தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒருவர் இவரை எழுப்பியிருக்கிறார். இவர் எழுப்ப வேண்டிய அந்த ஒரே ஒரு ராத்திரி, அவர் தூக்கம் கெடக்கூடாது என்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மாமா யாரோடும் அதிகம் பேசவில்லை. வேலை, வீடு, தூக்கம். கட்டிலில் சுவர்ப்பக்கம் அத்தையின் இடம். முழுக் கட்டிலும் காலியாகக் கிடந்தாலும் மாமா தன் ஓரத்திலேயே ஒடுங்கிப் படுப்பார். மூச்சு நின்றால் இடிக்க ஆள் இல்லை. எழுந்தால் தலைவலி, வறண்ட தொண்டை, பகலெல்லாம் கொட்டாவி. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்த நிலைமையில்தான் பாலத்துக்கிட்டே அது நடந்தது.

கம்பெனியில் சும்மா விடவில்லை. வேனில் விழுந்த கீறலை விடுங்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சூப்பர்வைசர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மாமாவின் தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர் ஒட்டி, ஓர் அறையில் தூங்க வைத்தார்கள். டெக்னீஷியன் பெண் ஒருத்தி பக்கத்து அறையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒயர்களைக் கழற்றும்போது, வீட்டில் தனியாகவா படுக்கிறீர்கள் என்று கேட்டாளாம்.

தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்றுபோகிற வியாதி என்றார் டாக்டர். ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை நிற்கிறது என்று அவர் சொன்ன கணக்கைக் கேட்டால் நமக்கே மூச்சு முட்டும். மிஷின் மாட்டிக்கொண்டு தூங்கினால்தான் வேன் சாவி திரும்பக் கிடைக்கும் என்றார். மாட்டாவிட்டால் ஒரு நாள் இதயம் தாங்காது என்றும் சொன்னார்.

மிஷின் ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். ஒரு பக்கத்தில் தண்ணீர் ஊற்ற இடம். நீளமாக ஒரு குழாய். அதன் முனையில் மூக்கை மூடும் மாஸ்க், தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டப் பட்டை. காற்றை அழுத்தி உள்ளே அனுப்பித் தொண்டையை மூடவிடாமல் வைத்துக்கொள்ளும். ஆன், ஆஃப் எல்லாம் பார்க்கத் தேவையில்லை. மாஸ்கை மாட்டிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தால் அதுவாக ஓட ஆரம்பிக்கும். மூச்சு இல்லையென்றால் அதுவாக நின்றுவிடும்.

முதல் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு மாமா தானே சிரித்தாராம், யானைக்குட்டி மாதிரி இருக்கிறேன் என்று. புது ரப்பர் நாற்றம். மூக்கின் மேல் சிவப்பாகத் தடம். தூரத்தில் யாரோ குழாயைத் திறந்து விட்டதுபோல ஸ்ஸ்ஸ்… என்று ஒரு சத்தம். ஆனால் சில நாளிலேயே ஆளே மாறிப்போனார். தலைவலி போனது, கொட்டாவி போனது, சாவி திரும்ப வந்தது. ஒட்டடையின் அம்மாவுக்கு, அதாவது தன் அக்காவுக்கு, போன் போட்டு, தூக்கம் என்றால் இதுதானா என்று கேட்டாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி சளி பிடித்து மூக்கடைத்துக்கொண்டது. மாஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

விலாவில் ஒன்று விழுந்தது. சுவர்ப்பக்கத்திலிருந்து…

மாமா விழித்துக்கொண்டு இருட்டில் கையை நீட்டித் தடவிப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் மெத்தை அந்த இடத்தில் மட்டும் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. படுக்கும் முன் அத்தை கைக்குத் தடவிக்கொள்ளும் கிரீமின் வாசனை ஒரு நொடி வந்து போனது. மாமா அலாரம் அடிக்கும் வரை அந்த இடத்தில் கையை வைத்தபடியே கிடந்தார்.

அன்றிலிருந்து அவர் மாஸ்கைத் தொடவே இல்லை.

அந்த மிஷின் ஒரு கோள்மூட்டி. போட்டார்களா இல்லையா என்று, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக, ராத்திரிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். டெக்னீஷியன் பெண் மாமாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை. அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த ஒட்டடையின் நம்பருக்கு அடித்தாள். இப்படியே விட்டால் நல்லதில்லை, யாராவது போய்ப் பாருங்கள் என்றாள். ஒட்டடை அன்றைக்கே பஸ் பிடித்தான்.

மாமா அவனைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சாப்பாடு போட்டார். மிஷினைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் சளி, மூக்கடைப்பு என்று மழுப்பினார். ஒட்டடைக்குக் கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு, அறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு படுத்தார்.

ஒட்டடை தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். மிஷின் சத்தம் வரவில்லை. குறட்டைதான் வந்தது. கர்… கர்… ஏறியது. நின்றது. ஒட்டடை காத்திருந்தான். ஒன்றும் இல்லை. தெருவில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. இன்னும் ஒன்றும் இல்லை… அவன் பதறி எழுந்து கதவருகே போவதற்குள் உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். ஹக். மாமா காற்றை இழுத்தார்.

இருட்டுக்குள் மாமாவின் குரல், தூக்கக் கலக்கத்தில், மெதுவாகக் கேட்டது.

“வந்துட்டியா…”

அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி இருந்தது என்றான் ஒட்டடை. அதைக் கேட்டுத்தான் அவனுக்கு முதுகு சில்லிட்டது.

காலையில் வேலை முடிந்து வந்த மாமாவின் சட்டையை அவன் தூக்கிப் பார்த்தான். விலாவில் ஒரே இடத்தில், பழையதும் புதியதுமாக, கன்றிப்போன தடம். இனிமேல் மழுப்ப முடியாது என்று மாமாவுக்கும் தெரிந்துவிட்டது.

“மூச்சு நின்னாத்தான்டா அவ வர்றா.”

மிஷினைப் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது, ஆனால் அந்த வீட்டில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்றார். அதை எப்படித் தாங்குவது என்று கேட்டார். ஒட்டடை என்ன சொல்லுவான், பாவம். அவனுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. முன்பெல்லாம் மூச்சு நின்ற உடனே அத்தை வந்துவிடுவாராம். இப்போது கொஞ்சம் தாமதமாகிறதாம். நாளுக்கு நாள் தாமதம் கூடுகிறதாம். சில சமயம் கண்ணுக்குள் பூச்சி பறந்து, காது அடைத்து, எங்கோ கீழே இறங்குகிற மாதிரி ஆன பிறகுதான் இடி விழுகிறதாம். களைத்துப்போயிருக்கிறாள் போல என்றார் மாமா.

ஒட்டடை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். ஒரு நாள் அத்தை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோகும், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டான்.

“அவளால வர முடியலன்னா நான் போய்க்கறேன்.”

அதைச் சொல்லும்போது மாமா கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொன்னார். ஒட்டடைக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடு, யோசிக்காமல், வாயில் வந்ததைக் கேட்டான்.

“அத்தை எப்பதான் மாமா தூங்குவாங்க?”

மாமாவின் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் தன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒட்டடை லீவு முடிந்து ஊருக்குத் திரும்பினான். ஆபீஸில் எங்களோடு உட்கார்ந்திருப்பான், கண் மட்டும் போன் மேலேயே இருக்கும். ராத்திரி எந்த நேரத்தில் மணி அடித்தாலும் தூக்கி வாரிப்போடும் என்பான். அடித்தது, ஆனால் பகலில். டெக்னீஷியன் பெண்தான். மாமா இப்போதெல்லாம் ராத்திரி முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்குகிறார், ஒரு நாள்கூடத் தவறுவதில்லை, டாக்டருக்கே சந்தோஷம் என்று சொன்னாள். ஒட்டடை எங்கள் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தான். அடுத்த லீவுக்கு மாமாவைப் பார்க்கக் கிளம்பினான்.

மாமா தெளிவாக இருந்தார். முகத்தில் சதை போட்டிருந்தது. வேனைப் பற்றி, கடைக்காரர்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். அறைக்குள் பையை வைக்கப் போனபோதுதான் ஒட்டடை பார்த்தான். கட்டிலின் இரண்டு பக்கத்திலும் மிஷின். மாமாவுடையது ஒன்று. சுவர்ப்பக்கம் இன்னொன்று, கொஞ்சம் பழையது. யாரோ வீட்டில் சும்மா கிடந்ததை வாங்கி வந்திருக்கிறார்.

ஒட்டடை கேட்பதற்கு முன்பே மாமா சொல்லிவிட்டார்.

“என்னைப் பாத்துக்கறதுக்காகவே காலம் பூரா முழிச்சிருந்தாடா. இனிமே அவளும் தூங்கட்டும்.”

ராத்திரி படுக்கும் முன் இரண்டு மிஷினிலும் தண்ணீர் மாற்றினார். சுவர்ப்பக்கத் தலையணையைத் தட்டிச் சரிசெய்து, அதன்மேல் மாஸ்கை வைத்து, பட்டையைச் சுற்றி மாட்டினார். இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துக் கொஞ்சம் தளர்த்தினார். போர்வையை மாஸ்க் வரைக்கும் இழுத்து விட்டார். ஒட்டடைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிறுக்கோ என்னவோ, மனிதர் மாஸ்க் போட்டுக்கொள்கிறார், உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று நினைத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்தான்.

அறையில் மிஷின் ஓட ஆரம்பித்தது. ஸ்ஸ்ஸ்… மாமா தூங்கிவிட்டார். குறட்டை இல்லை. ஒட்டடைக்கும் நிம்மதியாகக் கண் அசந்தது.

எப்போது விழித்தான் என்று அவனுக்கே தெரியாது. ஏதோ வித்தியாசமாக இருந்தது. சத்தம் மாறியிருந்தது. ஸ்ஸ்ஸ்… அதோடு சேராமல், கொஞ்சம் முன்னும் பின்னுமாக, இன்னொரு ஸ்ஸ்ஸ்…

எழுந்தான். அடிமேல் அடி வைத்து நடந்து கதவிடுக்கில் பார்த்தான். இரண்டு மிஷினிலும் பச்சை விளக்கு எரிந்தது. மாமா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அந்தப் பக்கம் தலையணையும் போர்வையும்தான். வேறு ஒன்றும் இல்லை. ஆனால் தலையணை மேல் இருந்த மாஸ்குக்குள்… உள்பக்கத்தில் பனி படிந்தது. தெளிந்தது. மறுபடி படிந்தது. தெளிந்தது.

ஒட்டடையால் நகர முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. திடீரென்று சுவர்ப்பக்க மிஷின் நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. மாஸ்க் தெளிந்தது தெளிந்தபடியே இருந்தது… பனி படியவில்லை. ஒரு மிஷினின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தன்னை அறியாமல் ஒட்டடையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. ஆழ்ந்த தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே அவருடைய முழங்கை மட்டும் எழும்பி, சுவர்ப்பக்கமாக ஓர் இடி இடித்தது.

தொப்.

மெத்தையில் பட்ட சத்தம் இல்லை அது. ஆள் மேல் பட்ட சத்தம்.

மாஸ்குக்குள் ‘ஹக்’ என்று ஒரு சத்தம். பனி படிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அந்தப் பக்கத்துப் போர்வை… மெதுவாக, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது.